மூன்று மூன்று படி

படகைத் தள்ளும் விசிறி பாறையில் மோதி உடைந்துபோனது.

“இருக்கிறதிலேயே பெரிய விசிறியா மாட்டு. படகு பறக்கணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!” என்று விருந்தாளிகள் முன்னால் மெக்கானிக் செல்லக்கனியை அதட்டினார் ஏரிக்கரை விடுதி முதலாளி தெய்வசிகாமணி.

“சின்ன எஞ்சின், ஐயா. மூச்சு முட்டும்.”

“எஞ்சினுக்கு ஏதும்மா மூச்சு?”

“மாடிப்படியை மூணு மூணாத் தாண்டி ஏறிக் காட்டுங்க. சீக்கிரம் மேலே போயிட்டீங்கன்னா, பெருசையே மாட்டறேன்.”

நான்காவது தாவலிலேயே மூச்சு வாங்க, கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார் முதலாளி. விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“பழைய அளவே போடும்மா,” என்றார், தலை நிமிராமல்.

போட்டாள். படகு ஜோராக ஓடியது. ஆனால் தினமும் மாலையில் தானே ஓட்டிப்போகும் மனிதர், அப்புறம் அதில் ஏறவே இல்லை. தனியாகச் சொல்லியிருந்தாலும் இதே விசிறியைத்தானே மாட்டியிருப்போம் என்று செல்லக்கனிக்கு இன்றும் உறுத்துகிறது.