காலடி தெரியாத சுனை

ஒரு காட்டில், குகைக்குள்ளே ஒரு சுனை இருந்தது. கொடுங்கோடைக்கென்று எல்லா மிருகங்களும் பொதுவாக விட்டுவைத்த தண்ணீர் அது. குகை வாசலைப் பாறை ஒன்று மூடியிருக்கும். கரடி காவல், மந்திரி நரி அதிகாரி.

உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று முன்பெல்லாம் யாருக்கும் தெரியாது. மிருகங்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் ஒரு சட்டம் வாங்கின. யார் வந்து கேட்டாலும் பாறையை நகர்த்தித் தண்ணீரைக் காட்ட வேண்டும். கரை மணலில் பதிந்த காலடிகளையும் காட்ட வேண்டும். திருட்டுத்தனமாக யார் குடித்தாலும் மணல் காட்டிக்கொடுத்துவிடும்.

இனித் திருடிக் குடிக்க முடியாதே என்று நரிக்கு எரிச்சல். ஒரு நாள் கூட்டத்தில் எழுந்து, "சட்டம் அப்படியே இருக்கும். சின்னத் திருத்தம்தான். இரவில் கேட்டால் கரடியின் தூக்கம் கெடுகிறது. பகலில் மட்டும் கேளுங்கள்" என்றது.

"பகலில் எனக்குக் கண் தெரியாதே!" என்று ஆந்தை அலறியது.

"அது ஆந்தையின் பாடு" என்று மற்றவை சும்மா இருந்துவிட்டன.

பிறகு, கேட்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்றது நரி. பயந்த முயல் கேட்பதையே விட்டுவிட்டது. அதைப் பார்த்து எல்லாம் சிரித்தன.

அடுத்த கூட்டத்தில் நரி குழைந்து பேசியது. "காலடி அவரவர் சொந்த விஷயம் அல்லவா? உங்கள் காலடியைக் கண்டவனெல்லாம் பார்க்கலாமா?"

"அதுதானே! என் காலடியை எவன் பார்ப்பது?" என்று பன்றி துள்ளியது. எல்லாம் தலையாட்டின. அன்றிலிருந்து நரி தன் வாலாலேயே மணலைப் பெருக்கிவந்தது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள், பிள்ளைகளே!

கோடை வந்தது. குட்டை எல்லாம் வற்றியது. பெண்மான் ஒன்று நரியிடம் ஓடிவந்தது.

"சுனையில் தண்ணீர் இருக்கிறதா? இல்லையென்றால் என் குட்டிக்குத் தெம்பு இருக்கும்போதே மலை தாண்டி ஆற்றுக்குப் போய்விடுவேன்."

"இந்தக் காரணம் போதாது. தண்ணீர் நிறைய இருக்கிறது, நம்பு" என்றது நரி.

"நம்புவதற்கா சட்டம் வாங்கினோம்? காட்டு!"

நரி கொட்டாவி விட்டது. மான் மறுநாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அதற்குள் குட்டி தளர்ந்து படுத்துவிட்டது. மான் ஆவேசத்தோடு பாறையில் தலையை மோதியது. பார்க்கப் பொறுக்காமல் கரடியே பாறையை நகர்த்தியது.

உள்ளே வெறும் சேறு. மணலில் ஒரு காலடிகூட இல்லை.

"யாரடா குடித்தது?" என்று மான் கதறியது.

"அது அவரவர் சொந்த விஷயம்" என்றது நரி. அதன் மீசையில் ஈரம் இன்னும் காயவில்லை.

மிருகங்கள் கொதித்துப்போய் நரியை அடித்து விரட்டின. மான் அவற்றைப் பார்த்துச் சீறியது. "ஆந்தை அலறியபோது எங்கே போனீர்கள்? முயலைப் பார்த்துச் சிரித்தீர்களே, வெட்கமாக இல்லை?"

பன்றி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

அன்று மாலையே கூட்டம் போட்டுப் பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தன. மான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. எழுந்திருக்காத குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டே கிடந்தது.

நீதி: அடுத்தவர் கேட்கும் உரிமை பறிபோகும்போது வாய்மூடி இருப்பவர், தம் உரிமையையும் சேர்த்தே இழப்பார்.