செங்கோடன் போடாத ஏசி

"ஓட்டி ஓட்டித் தேஞ்சு போச்சுன்னா நியாயம் இருக்கு. ஒரு நாள்கூடப் போடாத ஏசி எப்படிப்பா கெடும்?"

கேட்டவர் லாரி டிரைவர் செங்கோடன். கேட்டது இருதயராஜிடம்.

இருதயராஜ் சங்ககிரிப் பட்டறையில் லாரிகளுக்கு ஏசி பார்ப்பவன். செங்கோடனைவிட இருபது வயது சின்னவன். ஆனாலும் டிரைவர்கள் எல்லாம் அவனை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரம் கிடையாது.

கம்ப்ரசரைக் கழற்றி மேஜையில் வைத்தான். கையால் சுழற்றிப் பாருங்கள் என்றான்.

செங்கோடன் இரண்டு கையாலும் முக்கிப் பார்த்தார். அசையவில்லை.

விஷயம் இதுதான். செங்கோடன் மாதம் தவறாமல் தூத்துக்குடிக்கு லோடு அடிப்பவர். அவர் மனைவி பாவாயி கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போங்க என்று அவள் கேட்கும்போதெல்லாம், வெயில் தணியட்டும், நல்ல லோடு அமையட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

அவள் சொகுசாக வரவேண்டும் என்றுதான் அந்தப் பழைய வண்டியில் ஆசை ஆசையாக ஏசி மாட்டினார். மாட்டியவர் அதைத் தொடவே இல்லை. அவள் வருகிற நாளில் புதுசாக இருக்கணுமாம். அத்தனை கோடையிலும் பனியன் நனைய நனைய ஓட்டினார். இப்படியும் ஒரு பிறவி.

இப்போது பாவாயிக்குச் சர்க்கரையால் கண் மங்கிக்கொண்டு வருகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதும் எவ்வளவு நாளைக்கோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். செங்கோடன் ஆடிப்போனார். நாளைக்கே கடலுக்குப் போகலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டு ஏசியைப் போட்டுப் பார்த்தார். கீச்சென்று கத்திவிட்டு இறுகி நின்றது. பெல்ட்டும் கருகிவிட்டது.

இருதயராஜ் கம்ப்ரசரைப் பிரித்தான். உள்ளேயிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். தொட்டதும் பொடிந்தது.

"எண்ணெய் ஊத்தலையா?"

"இருக்குதுங்கண்ணா." சாய்த்துக் காட்டினான். அடியில் எண்ணெய் பளபளத்தது. "ஓடினாத்தான் அது இங்க வரும்."



எப்போது சரியாகும் என்று கேட்டார் செங்கோடன். கோயம்புத்தூரிலிருந்து சாமான் வரணும், ஒரு வாரம் ஆகலாம் என்றான். அப்படியென்றால் அடுத்த வாரமே அவளைக் கூட்டிப்போகிறேன், இந்த வெயில் அவளுக்குத் தாங்காது என்றார்.



இருதயராஜ் கம்ப்ரசரைச் சாக்கில் போட்டு மூலையில் தள்ளினான். ஆணியில் தொங்கிய பெல்ட்டுகளில் நீளம் குறைந்த ஒன்றை எடுத்தான். இன்ஜினில் கம்ப்ரசர் இருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற சக்கரங்களைச் சுற்றி மாட்டினான். வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். ஒழுங்காக ஓடியது.

"அப்போ ஏசி?"

அவன் சுற்றிப்போய் எதிர்ப்பக்கக் கதவைத் திறந்தான். ஏசியோடு சேர்த்துப் பாவாயிக்காகப் போட்ட சீட் அது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைக் கிழித்து வெளியே எறிந்தான். ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டான்.

செங்கோடன் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, ஏசி சரியாயிருச்சுங்களா?" என்றாள் பாவாயி.

"இல்ல. நீ கிளம்பு."