யானை வரும் இடம்

ஐம்பத்து நான்கு வயதில் சொர்ணலிங்கத்துக்கு ஒரு குரு வாய்த்தாள். பெயர் ஜமீலா. அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். கோவையில், அச்சகங்கள் நிறைந்த ஒரு சந்தின் மாடியில், செத்துப்போன ஹார்டு டிஸ்க்குகளின் உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில்.

அவளிடம் வருவதற்கு முன் அவர் ஊர் ஊராகப் போய் எக்ஸ்ரே எந்திரங்களைப் பழுதுபார்த்தவர். கை நடுங்காது. மனம்தான் நடுங்கும்.

"குருவம்மா" என்று அவளை விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. அவள் அவரை லிங்கண்ணா என்பாள். அவர் நிறையக் கேள்வி கேட்பார். அவள் பாதிக்கு மேல் பதில் சொல்ல மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மூன்று பெண்கள் மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒரு தகர டப்பாவை மேசைமேல் வைத்தாள். ஜமீலா மூடியைத் திறந்தாள். அரிசி. அரிசிக்குள் ஒரு ஹார்டு டிஸ்க்.

"பொங்கல் வைக்கணுமா, டேட்டா எடுக்கணுமா?"

"போன் தண்ணியில விழுந்தா அரிசியிலதானே போடுவோம்?"

"இது தண்ணியில விழுந்துச்சா?"

"இல்லைங்க. கூரையில இருந்து விழுந்துச்சு."

"கூரைக்கு எப்படிப் போச்சு?"

"குரங்கு தூக்கிட்டுப் போச்சு. கடிச்சுப் பாத்துச்சு. பிடிக்கல போல. போட்டுருச்சு."

பின்னால் நின்ற இருவரும் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள். டிஸ்க்கின் ஓரத்தில் பல் தடம் இருந்தது.

டப்பாவைக் கொண்டுவந்தவள் புஷ்பம். வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவளும், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வரிசையில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஒரு சினிமா எடுத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், ரோட்டில் யானை நிற்பதால் திரும்பிப் போக முடியாமல் பெண் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கதை. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் மைதானத்தில் திரை கட்டிக் காட்டப்போகிறார்கள். மேனேஜரிடம் நடையாய் நடந்து அந்த ஒரு நாளுக்குத்தான் மைதானம் கிடைத்திருக்கிறது.

"வேற காப்பி இல்லையா?" என்றார் சொர்ணலிங்கம்.

"கேமரா வாடகைங்க. கார்டு ஒண்ணுதான். அன்னன்னிக்கு எடுத்ததை இதுல ஏத்திட்டு, கார்டை அழிச்சுட்டு, மறுநாள் அதுலயே எடுப்போம்."

"விழுந்த பிறகு எத்தனை தடவை கம்ப்யூட்டர்ல சொருகினீங்க?" என்றாள் ஜமீலா.

"ஒரு தடவைதான். டக் டக்குனு அடிச்சுது. பயந்து பிடுங்கிட்டேன்."

"அந்தப் பயந்தான் உங்க படத்தைக் காப்பாத்தியிருக்கு. உக்காருங்க."

தூசியில்லாத காற்று ஓடும் கண்ணாடிப் பெட்டிக்குள் சொர்ணலிங்கம் டிஸ்க்கைத் திறந்தார். உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டத் தட்டு. அதன்மேல் பட்டும் படாமலும் மிதந்து படிக்க வேண்டிய ஹெட் வளைந்திருந்தது. தட்டில் ஓரிடத்தில் மெல்லிய கீறல்.

அதே மாடலில் நல்ல டிஸ்க் ஒன்று அலமாரியில் இருந்தது. அதன் ஹெட்டைக் கழற்றி இதில் மாட்டினார். ஜமீலா பின்னால் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவள் பாராட்டு.

மின்சாரம் கொடுத்ததும் தட்டு சுழன்றது. சத்தம் சீராக இருந்தது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒவ்வொன்றாய்ப் பச்சையாகத் தொடங்கின. பச்சை என்றால் படித்தாயிற்று, வேறு டிஸ்க்கில் எழுதியாயிற்று.

கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டம் சிவந்தது. கீறல் இருக்கும் இடம்.

அந்த இடத்தில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தேங்கினால் தாண்டிவிட வேண்டும். நல்ல இடத்தையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் கெட்ட இடத்துக்கு வர வேண்டும். தெரிந்தும் அவர் விரல் கேட்கவில்லை. மறுபடி படிக்கச் சொன்னார். டிஸ்க் முனகியது. மறுபடியும். இன்னும் ஒரு தடவை.

ஜமீலா அவர் கையை மவுஸிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவந்த இடத்தைத் தாண்டவிட்டாள். பச்சை மறுபடி ஓடத் தொடங்கியது.

"அதுகிட்டப் போய் ஏன் சண்டை போடறீங்க?"

"வந்துரும்னு தோணுச்சு குருவம்மா."

வெளி அறையில் மூவரும் படத்தின் வசனங்களைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எந்தக் காரணத்துக்காகவோ கொழுக்கட்டையால் அடிவாங்கினாள். உள்ளே பச்சை ஓடிக்கொண்டிருந்தது. சொர்ணலிங்கம் பார்த்தது அந்தச் சிவப்பை மட்டும்தான்.

மாலைக்குள் மற்றதெல்லாம் வந்துவிட்டது. பிறகு கீறலுக்குத் திரும்பினார்கள். பின்பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினார்கள். சில கட்டங்கள் மனமிரங்கிப் பச்சையாயின. அப்புறம் கீச்சென்று ஒரு சத்தம். ஹெட் போய்விட்டது.

"அவ்வளவுதான்" என்றாள் ஜமீலா. "நல்ல டிஸ்க். கடைசி வரைக்கும் உழைச்சுது."

"நான் அங்க நின்னதாலயா? முதல்லயே தாண்டியிருந்தா ஹெட் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்குமா?"

ஜமீலா டீ போடப் போய்விட்டாள்.

வராதது மூன்று நிமிடம். அதை அந்தப் பெண்களிடம் சொல்லும் வேலை சொர்ணலிங்கத்துக்கு வந்தது. அவர் நின்றபடியே சொன்னார்.

புஷ்பத்தின் முகம் சுருங்கியது. "எந்த இடம்?"

"சமையல்கட்டுக்குள்ள யானை வருதே, அந்த இடம். யானை தெரியறதுக்கு முன்னாடியே நின்னுருது. அப்புறம் கல்யாணத்துலதான் படம் மறுபடி வருது."

"அய்யோ, அதுதானுங்க படமே."

பிறகு மூவரில் பருமனாக இருந்த காளியம்மா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் புஷ்பம், யானை எங்க இருக்கு?"

"எங்க வீட்டுப் பரண்லதான். மடிச்சு வெச்சிருக்கேன்."

"தும்பிக்கை?"

"அது தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஹோஸ். மாட்டிக்கலாம்."

"அப்ப பின்னங்கால் ரெடி" என்றாள் காளியம்மா, தன் தொடையைத் தட்டி.

"அடி பின்னங்காலு! ஷூட்டிங்குல முன்னங்காலை மிதிச்சு யானையையே குப்புறத் தள்ளினவதானே நீ!" என்றாள் மூன்றாமவள்.

புஷ்பம் சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. சொர்ணலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஜமீலா டீ டம்ளர்களை வைத்துவிட்டு, உள்ளே போய் அந்த மூன்று நிமிடத்துக்கு இருட்டை வைத்து ஒட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்" என்று சொல்லிவிட்டு, புது டிஸ்க்கை முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள் புஷ்பம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வால்பாறை பஸ்ஸில் அவர்கள் போனார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, சொர்ணலிங்கத்தின் மனமும் ஒரே இடத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

"மூணு தடவை படிக்கச் சொன்னேன் குருவம்மா. அதுல எந்தத் தடவையில ஹெட் பலவீனமாகியிருக்கும்?"

"அங்க பாருங்க, வரையாடு!"

அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் பஸ் வளைந்துவிட்டது.

மைதானம் நிறைந்திருந்தது. சாக்கு, பாய், கவிழ்த்த கூடை என்று கிடைத்ததில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்வெட்டருக்கு மேல் பட்டுச்சேலை கட்டியிருந்தார்கள். இருவரையும் புஷ்பம் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார வைத்தாள். பொழுது சாய்ந்ததும் படம் தொடங்கியது. தங்கள் முகத்தைத் திரையில் பார்த்தவர்கள் கூவினார்கள். மாப்பிள்ளை பேசிய ஒவ்வொரு வசனத்துக்கும் யாரோ ஒருவர் பதில் வசனம் பேசினார்.

சமையல்கட்டுக் காட்சி வந்தது. சட்டி உருளும் சத்தம். பெண்ணின் அம்மாவாக நடித்த புஷ்பம் மெல்லத் திரும்புகிறாள்.

திரை இருண்டது.

கூட்டம் ஒரு கணம் மூச்சைப் பிடித்தது. அதோ, சொர்ணலிங்கத்தின் மூன்று நிமிடம். எல்லார் முன்னாலும், மைதானம் அகலத்துக்கு.

அப்போது பின்னாலிருந்து ஒரு பிளிறல் கேட்டது. பெண்கள் தொண்டையிலிருந்து வந்த பிளிறல். டார்ச் வெளிச்சத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவேயிருந்து ஒரு கறுப்புத் தார்ப்பாய் யானை கூட்டத்துக்குள் நுழைந்தது. தும்பிக்கை இடப்பக்கமாக ஆடியது. பின்னங்கால்கள் முன்னங்கால்களை மிதித்தன. பிள்ளைகள் அலறி, சிரித்து, மறுபடி அலறினார்கள். யாரோ ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். மேனேஜர் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

புஷ்பம் கரண்டியோடு யானைக்கு எதிரே வந்து நின்றாள். "ஏன்டா தம்பி, கல்யாணம் பேசற வீட்டுல புகுந்து உப்பை நக்கறியே, மொய் வெச்சியா நீ?"

மைதானம் அதிர்ந்தது.

சொர்ணலிங்கம் யானைக்கு முதுகைக் காட்டி, ஜமீலாவின் பக்கம் முழுதாகத் திரும்பினார். அந்தக் கூச்சலில் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று எழுந்து குனிந்தார்.

"குருவம்மா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அன்னிக்கு அங்க நிக்காம இருந்திருந்தா..."

ஜமீலா இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்து ஒதுக்கினாள். கண்ணில் சிரித்துச் சிரித்து வந்த நீர்.

"தள்ளுங்க லிங்கண்ணா, யானை தெரியல!"