அந்தப் பாட்டு மட்டும் வேண்டாம்

“அம்மா, நான் கேக்காத பாட்டு எனக்கு ஏன் வருது?”

வந்து நின்றதும் திருமேனி இதைத்தான் கேட்டார். ஒரு வணக்கம்கூட இல்லை.

வடிவம்மை அறுந்துபோன செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். பாபநாசத்தில் ஆற்றை ஒட்டிய சின்ன மடம் அவருடையது. வயதில் திருமேனிக்கு நன்றாகவே இளையவர். ஆனாலும் அவர்தான் குரு, ஓய்வுபெற்ற சர்வேயர் திருமேனி சீடர். ஞானத்தில் சீனியாரிட்டி பார்ப்பதில்லை போலிருக்கிறது.

“உக்காருங்க அண்ணாச்சி. எதுல வருது?”

“கார் ரேடியோவுல.”

கார் வாசலில்தான் நின்றது. பழைய பியட். ரேடியோவும் அதோடு வந்ததுதான். திருகு, முள், மஞ்சள் விளக்கு எல்லாம் அப்படியே இருந்தன.

அந்தக் காரில் இடப்பக்க சீட் அவருடைய ஒரே மகள் சுபத்ராவுடையது. ரேடியோவில் அவளுக்குப் பிடித்த ஒரு பாட்டு வந்தால் போதும், கூடவே கத்திப் பாடுவாள். போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கல்லூரிப் படிப்புகூட முடியவில்லை.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் அவள் பேரை எடுப்பதில்லை. திருமேனி எடுக்க விடுவதில்லை. அவர் அழவும் இல்லை. மனுசன் பாறை மாதிரி இருக்கார் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். மெச்சிவிட்டுச் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பாறையாக இருக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது.

“ரேடியோன்னா எந்நேரம் என்ன வரும்னு சொல்ல முடியாதும்மா. அந்தப் பாட்டு வந்துருமோன்னு பயந்துக்கிட்டே ஓட்ட வேண்டியிருக்கு.”

“ரேடியோவை நிறுத்திட்டு ஓட்டலாமே.”

“நிறுத்துனா இங்க ஓடுது.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

வடிவம்மை ஊசியில் நூல் கோத்தார்.

“அதான் திருநெல்வேலியில ஒருத்தர்ட்ட குடுத்து, ரேடியோவுக்குள்ளயே புளூடூத் வைக்கச் சொன்னேன். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. செல்லுல நான் போடுத பாட்டு அதுல வரும். அந்தப் பாட்டை மட்டும் விட்டுட்டு, மத்ததையெல்லாம் தேடித் தேடிச் சேத்து வச்சேன்.”

“நல்லதாப் போச்சு.”

“எங்க? நேத்து அம்பாசமுத்திரம் தாண்டி வாரேன், நான் சேத்து வச்சதெல்லாம் தீந்துட்டு. செல்லு அதுபாட்டுக்கு அந்தப் பாட்டை எடுத்துப் போட்டுட்டு. நடுரோட்டுல பிரேக்கை மிதிச்சிட்டேன். பின்னால வந்த லாரிக்காரன் ஒடிச்சுத் திருப்பலன்னா நான் இன்னைக்கு இல்ல.”

“அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நான் கேட்ட பாட்டையெல்லாம் வச்சு, இந்த ஆளுக்கு இன்னும் என்ன பிடிக்கும்னு அதுவே கண்டுபிடிக்குமாம்.”

“பிடிக்காதா?”

ஆற்றுப் பக்கம் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

திருமேனி செல்போனை எடுத்து வடிவம்மை முன்னால் வைத்தார்.

“அது இனிமே வராம பண்ண வழி இருக்கு. பாட்டு ஓடும்போது கீழ ஒரு குறி தெரியும், அதை அழுத்தணும். அதுக்கு அது ஓடணுமே! என்னால ஆகாது. நீங்க பண்ணிக் குடுங்க. நேத்து கடைசியா ஓடினது அதுதான், திறந்ததும் மேலயே நிக்கும். நான் படித்துறைக்குப் போயிருதேன்.”

நாலு வார்த்தை உபதேசம் வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வடிவம்மை கையை நீட்டினார்.

“கார் சாவி?”

கொடுத்துவிட்டு, திருமேனி படித்துறையின் கடைசிப் படி வரை இறங்கினார். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டார்.

பாட்டு ஆரம்பித்தது. பழைய ஸ்பீக்கர், கொஞ்சம் கரகரப்பு. அடைத்த காதிலும் அது நுழைந்தது. பல்லவி முடிந்து, வயலின்கள் வந்து, சரணம் தொடங்கியது. விரல்கள் எப்போது காதை விட்டு இறங்கின என்று அவருக்கே தெரியாது.

சரணத்தில் ஒரு வரியின் நடுவில் பாட்டு நின்றது.

திருமேனி காத்திருந்தார். மீதி வரவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தார்.

“ஏம்மா நின்னுட்டு?”

“அழுத்திட்டேன்.”

“அந்த வரி முடியலியே!”

“முடியல.”

“இனிமே?”

“வராது அண்ணாச்சி.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

திருமேனி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். ரேடியோவின் மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இடப்பக்க சீட் காலியாக இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு போன நாளில் வராத அழுகை அப்போது வந்தது. கதவில் முகத்தை வைத்து, ஊர் கேட்க அழுதார். துணி துவைக்கும் சத்தம் நின்றுபோனது.

வடிவம்மை அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

அழுகைக்கு நடுவில் மூச்சு வாங்கும்போது திருமேனியின் வாய் அந்த வரியின் மீதியை எடுத்தது. குரல் உடைந்தது. மறுபடி எடுத்தார். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று சரணம் முடியும் வரை பாடினார். சுதி ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போயின.

பாடி முடித்து, துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

“சுபத்ரா இப்படித்தான் பாடுவாளா?” என்று கேட்டார் வடிவம்மை.

“இல்லம்மா. அவ இன்னும் மோசமாப் பாடுவா.”