படகு காத்திருந்த பாட்டு

ஒரு ஊர்ல, வியட்நாம்ல ஆத்தங்கரையில இருக்கிற ஒரு ஊர்ல, லுவான்னு ஒரு பாட்டுக்காரி இருந்தா. கூச்சக்காரி. அந்த ஊர்ப் பாட்டை ஒத்தையாப் பாடக் கூடாது. ரெண்டு பொம்பளைங்க ஜோடியாப் பாடணும். ஒருத்தி முன்னால எடுப்பா, இன்னொருத்தி பின்னாலயே நுழைவா. அப்புறம் ரெண்டும் ஒரே குரலாக் கேக்கணும். கேக்குறியா?

"ம்."

லுவா பின்குரல். முன்குரல் அவ தோழி லியென். பதினெட்டு வருஷம், இல்ல, பத்தொம்பது வருஷம் சேர்ந்து பாடினாங்க. அப்புறம் லியென் காய்ச்சல்ல போயிட்டா. வசந்தத் திருவிழாவுக்கு அக்கரை விருந்தாளிங்க வருவாங்க. வரவேற்புப் பாட்டு கேட்டாத்தான் படகுல இருந்து இறங்குவாங்க. அந்தப் பாட்டு இப்போ லுவா ஒருத்திக்குத்தான் தெரியும். ஜோடி கிடைக்கலைன்னா பாட்டும் அவளோட போயிடும்.

முதல்ல ஒரு நெசவுக்காரி வந்தா. குரல் டங் டங்னு இடிச்சுது. லுவா குரலே அமுங்கிப் போச்சு. அப்புறம் ஒரு புது மருமக வந்தா. கீச் கீச். மூணாவதா வாத்து மேய்க்கிற கூக்னு ஒருத்தி வந்தா. லுவாவை விட பன்னெண்டு வயசு மூத்தவ.

"ஏன்டி, நான் பாடினா வாத்துதான் திரும்பிப் பார்க்கும்."

"பார்க்கட்டும் அக்கா. பாடுங்க."

பாடினா. ரெண்டு குரலும் ஒட்டிக்கிச்சு.

லுவா அறுபத்து மூணு நாள் கூக்குக்குச் சொல்லிக் கொடுத்தா. அந்தப் பாட்டுல இருபத்தேழு இடத்துல குரல் நெல்லுமணி மாதிரி துள்ளணும்.

"இருபத்தாறுதான் வந்துச்சு அக்கா."

"ஒண்ணைத் தின்னுட்டேன் போல."

லுவா விட மாட்டா. மறுபடியும் "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ணுவா, ரெண்டு பேரும் ஒண்ணாவே ஆரம்பிப்பாங்க.

அப்புறம் திருவிழா வந்துச்சு. படகும் வந்துச்சு, சலக், சலக். கரைக்குப் பக்கத்துல நின்னுச்சு. லுவா கூக்கைப் பார்த்தா. கூக் லுவாவைப் பார்த்தா. ஒரு சத்தமும் இல்ல.

ஏன் தெரியுமா?

"ம்ஹூம்."

லுவா பாடிப் பழகினது பின்குரல். சொல்லிக் கொடுத்ததும் பின்குரல். அப்போ முன்னால எடுக்க ஆளே இல்ல. விருந்தாளிங்க முன்னால எண்ணவும் கூடாது.

ஒரு மூச்சு விடுற நேரம் போச்சு. ரெண்டு மூச்சு போச்சு. படகுக்காரன் துடுப்பைத் திருப்பினான்.

"எடுடி, போயிடப் போறாங்க," கூக் முணுமுணுத்தா.

"அது லியெனோட இடம் அக்கா."

"அவ வர மாட்டா லுவா."

மூணாவது மூச்சுல லுவா எடுத்தா. பத்தொம்பது வருஷம் பக்கத்துல நின்னு கேட்டது, வந்துச்சு. ஆனா பாதியில குரல் விரிசல் விட்டுச்சு. அப்போ கூக் மெதுவாப் பின்னால நுழைஞ்சு அந்த விரிசலை மூடிட்டா. அப்புறம் எது யார் குரல்னே தெரியல. படகுல இருந்து ஒரு அம்மா இறங்கிக் கரையில கால் வெச்சாங்க.

அடுத்த வருஷம் நாலு பேர் கத்துக்க வந்தாங்க. ஒவ்வொருத்திக்கும் லுவா முன்குரலும் சொல்லிக் கொடுத்தா, பின்குரலும் சொல்லிக் கொடுத்தா.

"ம்..."

அவ்வளவுதான் கண்ணு, கதை கரை சேர்ந்தாச்சு. நீயும் கண்ணை மூடு.