கடைசிக் கச்சேரிக்குப் போன ஆமை

கொடுக்காப்புளிக் காட்டில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது. தவளை பாடும். மரங்கொத்தி கட்டையில் டிரம்ஸ் அடிக்கும். சில்வண்டு கிடார் வாசிக்கும். மழைக்காலம் முழுக்கக் குளம் குளமாகக் கச்சேரிதான்!

அவர்கள் பின்னாலேயே ஒரு ரசிகர் கூட்டமும் ஊர் ஊராகப் போகும். கீரி, அணில், முள்ளெலி, ஆமை. நால்வர் தலையிலும் எருக்கம்பூ. வழியில் கிடைத்ததைப் பங்கு போட்டுத் தின்பார்கள். ஆனால் குளம் கண்ணில் பட்டால் போதும், உறவெல்லாம் காற்றில் பறந்துவிடும்! முதலில் ஓடித் தேக்கிலை போட்டு இடம் பிடித்தவருக்கே முன்வரிசை.

எப்போதும் கீரிதான் முந்தும். பாவம் ஆமை! அது போய்ச் சேரும்போது மரங்கொத்தி கட்டையை மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். முதல் பாட்டை அது ஒருநாளும் கேட்டதில்லை.

"அண்ணே, நீங்க வர்றதுக்குள்ள அடுத்த மழையே வந்துடும்!" என்று கீரி கேலி செய்யும். ஆமை சிரித்து மழுப்பும். உள்ளுக்குள் வலிக்கத்தான் செய்தது.

கடைசிக் கச்சேரி வந்தது. அதன்பின் தவளை சேற்றுக்குள் தூங்கப் போய்விடும். ஆமை மூன்று நாள் முன்னதாகவே கிளம்பியது. ஆற்றங்கரைக்கு வந்தால், மற்ற மூவரும் அங்கே திகைத்து நின்றார்கள். ஆற்றில் வெள்ளம்!

ஆமைக்கு வெள்ளம் ஒரு பொருட்டா? நீந்தினால் இன்று முதல் இடம் அதற்குத்தான். தண்ணீரில் இறங்கியும்விட்டது. திரும்பிப் பார்த்தது. மூன்று முகங்களும் வாடிக் கிடந்தன.

"சரி சரி, ஒவ்வொருத்தரா ஏறுங்க!"

கீரியை முதுகில் சுமந்து அக்கரையில் விட்டது. அணிலை விட்டது. முள்ளெலி ஏறியபோது, நல்லவேளை, முதுகில் ஓடு இருந்தது! கரை சேர்ந்தவர்கள் எல்லாரும் ஓடியே போனார்கள். ஆமை மூச்சு வாங்க நடந்தது. 'இந்த வருஷமும் போச்சு!' என்று கண் கலங்கியது.

குளக்கரையில் சத்தமே இல்லை.

"முடிஞ்சிடுச்சா?"

"ஆரம்பிக்க விட்டாத்தானே!" என்றது கீரி. மரங்கொத்தியின் கட்டைமேல் அது சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. "எங்க அண்ணன் வராம ஒரு தட்டு தட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன்!"

"யோவ், சீக்கிரம் உட்காருய்யா! தொண்டை காயுது!" என்று தவளை கத்தியது.

முன்வரிசை நடுவில் ஒரு தேக்கிலை ஆமைக்காகக் காத்திருந்தது. அது உட்கார்ந்ததும் முதல் பாட்டு முழங்கியது. ஆமை ஆடிய ஆட்டத்தில் எருக்கம்பூ எங்கே விழுந்ததோ தெரியவில்லை!

கூட வந்தவரை விட்டுவிட்டு ஓடிப் பிடிக்கும் முதல் இடத்தைவிட, அவருக்காகக் காத்திருந்து கேட்கும் முதல் பாட்டே இனிக்கும்.