ஏழு மேட்டு முரசு

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். வெள்ளம் என்றால் அவனுக்குக் குலை நடுக்கம். அதனால் ஆற்றங்கரையில் ஏழு மேடுகளில் ஏழு காவலாட்களை முரசோடு உட்கார வைத்திருந்தான். நாழிகைக்கொரு தரம் ஏழு பேரும் ஒன்றாக அடிக்க வேண்டும். "நலம், நலம்" என்று அர்த்தமாம். அரண்மனையில் கேட்கும். ராஜா தலையாட்டிக்கொள்வான்.

அவனோடு ஒட்டிக்கொண்டிருந்த வல்லபராயர், "உட்கார்ந்தே செய்யும் வேலைக்கு எதற்கு முழுப் படி அரிசி?" என்று பாதியாக்கிவிட்டார். உட்கார்ந்தே தின்கிறவர் சொன்ன யோசனை!

ஐந்தாம் மேட்டுக் காவலாள் மாசாணத்தின் மனைவி காத்தாயி சபைக்கு வந்து நின்றாள்.

"மகாராஜா, அரை வயிறுதான். கண்ணை மூட நேரமில்ல. கை வீங்கி, நெஞ்சு வலிக்குதுங்கறாரு. இப்படியே போனா செத்துருவாரு."

"சோம்பேறியின் நடிப்பு!" என்றார் வல்லபராயர்.

"முரசு நிற்கக் கூடாது" என்றான் ராஜா.

காத்தாயி கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க மகாராஜா. ஆனா நாங்க அடிக்கிறது உங்க காதுல விழுந்துச்சான்னு மேட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியலையே. நீங்க உங்க கையால பதிலுக்கு ஒரு முரசு தட்டினா, மனசு குளிர்ந்து போயிருவாங்க."

"ஆகா! அரசர் முழங்கினால் நாடே நிமிருமே!" என்று துள்ளினார் வல்லபராயர். ராஜாவும் உச்சி குளிர்ந்து ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் காலை ஜோராகத்தான் போனது. மதியம் சோற்றில் கை வைத்தால் முரசு. எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தால் முரசு. ஈரத்தோடு ஓடினான். மானம் பெரிதென்று இரண்டு நாள் தாக்குப்பிடித்தான். மூன்றாம் நாள் முரசுக்கோலை வீசியெறிந்து, "என்னதான் செய்யச் சொல்கிறாய்?" என்று அலறினான்.

உத்தரவு வாங்காமல் நகரமாட்டேன் என்று வாசலிலேயே கிடந்த காத்தாயி எழுந்து வந்தாள்.

"ஆத்துப் பாறையில ஒரு கோடு போடுங்க. தண்ணி அதைத் தொட்டா மட்டும் அடிக்கட்டும். மத்த நேரம் கண்ணு பார்க்கட்டும், கை ஓயட்டும். ஆள் இருக்கான்னு தெரிய, விடியும்போது ஆளுக்கு ஒரே ஒரு அடி. முதல் மேட்டுலேர்ந்து வரிசையா, ஒருத்தருக்கப்புறம் ஒருத்தர்."

அன்றே ஆற்றங்கரை நெடுகக் கீழிருந்தே தண்டோரா போட்டு உத்தரவைச் சொல்லிப் போனார்கள். மறுநாள் விடியலில் சபையே காது கொடுத்து நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது வரவில்லை. பிறகு ஆறு, ஏழு.

குதிரைவீரன் போய்த் திரும்பினான். "மாசாணம் முரசின் மேலேயே சரிந்து கிடக்கிறார். செத்து மூன்று நாளாகிறது."

"மூன்று நாளும் நலம் என்றுதானே கேட்டது?" என்று ராஜா பதறினான்.

"ஆறு முரசு போட்ட இரைச்சல்ல ஒண்ணு குறைஞ்சது யாருக்குக் கேக்கும்? வாசல்லயே கிடந்தேன். பாவி எனக்கே கேக்கலையே!" என்று காத்தாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவள் முன் வைத்தான். வல்லபராயரின் தலைப்பாகையைப் பிடுங்கி, "இனி ஐந்தாம் மேட்டில் நீர்தான் உட்காருவீர்!" என்றான்.

காத்தாயி மாலையைத் தொடவில்லை.

"இவரு வேண்டாம் மகாராஜா. இவருக்குத் தண்ணி ஏறுறது தெரியாது. விவரமான ஆளா ஒருத்தரைப் போடுங்க, முழு அரிசி கொடுங்க. மேற்கால வானம் கருக்குது. எங்க வீட்டுல சாவு விழுந்தது ஆத்துக்குத் தெரியாது."